ரெண்டு சிலிண்டரும் ஒரு காசெற்றும்

குலேந்திரனுக்குத் தொண்டை பெரிசு. பிறவியிலை வந்ததில்லை, தொழிலாலை வந்தது. அச்சுவேலியிலை பதினைஞ்சு வயசிலையிருந்து இறைப்பு மிஷின் திருத்தினவன். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மிஷின் பக்கத்திலை ஓடிக்கொண்டிருக்கேக்கை ஆரோடையும் கதைக்கிறதெண்டால் கத்தத்தானே வேணும்? கத்திப் பழகினவனுக்குப் பிறகு மெல்லக் கதைக்க வராது. கலியாண வீட்டிலை "எப்பன் சாம்பார் விடுங்கோ" எண்டு கேட்டாலும் சண்டைக்கு வாறான் எண்டுதான் சனம் திரும்பிப் பாக்கும். டென்மார்க் வந்து பிராண்டேயிலை வீடு எடுத்த பிறகு, கீழ்வீட்டு டெனிஷ் மனிசி இவன்ரை குரல் கேக்கிற நேரமெல்லாம் கூட்டுற தும்புத்தடியாலை முகட்டிலை தட்டுவா.

அப்பிடிப்பட்டவன் ஒருக்கால் தன்ரை சொந்த வீட்டுக்குள்ளை ஒரு மாசத்துக்கு மேலை வாயே திறக்காமல் இருந்தவன். சொன்னால் நம்பமாட்டியள். ஆனால் இருந்தவன்.

அவன் ஊரை விட்டு வெளிக்கிட்டது எண்பத்தைஞ்சாம் ஆண்டு கடைசியிலை. மனிசி தவமலரையும் மகள் கஜந்தியையும் விட்டிட்டுத்தான் வந்தவன். கஜந்திக்கு அப்ப ரெண்டரை வயசு. அடுத்த வருசம் இஞ்சை இருக்க அனுமதி கிடைச்சுது. காத்திலை சுத்தி மின்சாரம் எடுக்கிற கம்பங்களுக்குச் செட்டை செய்யிற பக்டறியிலை வேலையும் கிடைச்சுது. நாள் முழுக்கச் செட்டையைத் தேய்ச்சுப்போட்டு வெள்ளை மாப் பூசினவன் மாதிரி வீட்டை வருவான். இருக்க அனுமதி கிடைச்ச ஆள் மனிசி பிள்ளையைக் கூப்பிடலாம், அதுதான் சட்டம். இவனுக்கு முந்தி விண்ணப்பம் போட்டவையின்ரை குடும்பங்கள் வந்து, பிள்ளையள் டெனிஷிலை சண்டையும் பிடிக்குதுகள். இவன் எண்பத்தேழு ஐப்பசியிலை போட்டான். இவன்ரை முறை வரேக்கைதான் கதவு சாத்துப்பட்டது.

சாத்துப்பட்டது எண்டு ஒருத்தரும் சொல்லவும் இல்லை, அதுதான் கொடுமை. 'பரிசீலனையில் உள்ளது' எண்டு ஒரு கடதாசி வரும். இல்லை எண்டு சொன்னாலும் மனிசன் ஒருக்கால் அழுதுபோட்டு வேறை வழி பாப்பான். இது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. தமிழாக்களின்ரை பைல்களை மேலிடத்திலை வேணுமெண்டே கட்டிப்போட்டவை எண்டும், அது சட்டத்துக்கு மாறான வேலை எண்டும் பிறகு நாடே கதைச்சுது, அரசாங்கமே விழுந்தது. அது பிறகு. அந்த நேரம் குலேந்திரனுக்குத் தெரிஞ்சதெல்லாம் தபால்பெட்டி மட்டும்தான்.

ஊருக்குப் போன் எடுக்கிறது கல்லிலை நார் உரிக்கிற வேலை. அதாலை காசெற்றிலைதான் கதை. ஞாயிற்றுக்கிழமை இவன் ஒரு பக்கம் பேசி அனுப்புவான், தவமலர் மற்றப் பக்கத்திலை பேசித் திருப்பி அனுப்புவாள். அவள் காய்ச்சல் கதை, பள்ளிக்கூடக் கதை, கஜந்தியின்ரை குழப்படி எல்லாம் சொல்லுவாள். இவனுக்குச் சொல்ல இருந்தது ஒண்டே ஒண்டு: "இன்னும் பதில் வரேல்லை, தவம்." மாசக்கணக்கா அதையே சொல்லிச் சொல்லி அவனுக்கே வெக்கமாப் போச்சு.

எண்பத்தெட்டு வைகாசியிலை ஒருநாள், பக்டறியாலை சயிக்கிளிலை வரேக்கை, றோட்டோரம் ஒரு பழைய மாட்டுக்கொட்டிலுக்குள்ளையிருந்து ஒரு எஞ்சின் இருமிற சத்தம் கேட்டுது. இருமிறது, ஓடுறது, சாகிறது. திரும்ப இருமிறது. குலேந்திரன் பிறேக்கைப் பிடிச்சான். 'ரெண்டு சிலிண்டர். ஒண்டுதான் அடிக்குது' எண்டு மனசு சொல்லிச்சுது. பசிச்சவனுக்குச் சோத்து வாசம் மணந்த மாதிரித்தான், கால் தானாக் கொட்டில் பக்கம் திரும்பிச்சுது.

உள்ளை ஒரு வயசான மனிசன், பேர் ஏய்னர். பாற்பண்ணையிலை மிஷின் பாத்துப் பென்சன் எடுத்தவர். அவருக்கு முன்னாலை செட்டை கழட்டின ஒரு குட்டிப் பிளேன், மரச்சட்டமும் துணியும். ஒரு ஆள்தான் குந்தலாம். அவரின்ரை தகப்பன் முப்பதுகளிலை தானே கட்டினது. மூக்கிலை ஒரு எஞ்சின். அந்தக் காலத்திலை சின்னப் பிளேனுகளுக்கெண்டே செய்தது. இடப்பக்கம் ஒரு சிலிண்டர், வலப்பக்கம் ஒரு சிலிண்டர், ரெண்டும் ஒண்டுக்கொண்டு முகம் குடுக்காத சம்பந்திமார் மாதிரிப் படுத்துக் கிடக்குதுகள். தண்ணி ஊத்தத் தேவையில்லை, காத்திலையே ஆறும். அதைப் பாத்தவுடனை குலேந்திரனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. கோதாரி, பிளேன் எஞ்சின் எண்டு பெரிசா நினைச்சால், இது எங்கடை இறைப்பு மிஷினுக்கு ஒண்டைவிட்ட தம்பியெல்லோ!

அவனுக்கு டெனிஷ் கொஞ்சம். ரெண்டு விரலைக் காட்டினான், ஒண்டை மடக்கினான். ஏய்னருக்கு விளங்கேல்லை. எஞ்சின் நிண்டு கிடந்தது. குலேந்திரன் விரலிலை துப்பலைத் தொட்டு இடப்பக்கச் சிலிண்டரிலை வைச்சான்: சுர். வலப்பக்கத்திலை வைச்சான்: ஒரு சத்தமும் இல்லை. அடிக்காத சிலிண்டர் சூடாகாது, அச்சுவேலியிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஏய்னரின்ரை முகத்தைப் பாக்கோணும்! தகப்பன்ரை எஞ்சினிலை முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து துப்பல் பூசுறான். மனிசன் ஒரு ஸ்பானரை எடுத்துக் கையிலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அடிக்கவோ திருத்தவோ எண்டு அவருக்கே தெரியாது.

காபரேற்றர் நடுவிலை இருக்குது, ரெண்டு சிலிண்டருக்கும் ரெண்டு நீளக் குழாய் போகுது. வலப்பக்கக் குழாய் பொருந்திற இடத்திலை காத்து இழுக்குது எண்டு குலேந்திரனுக்குச் சந்தேகம். சவுக்காரம் வேணும். டெனிஷ் சொல்லு வரேல்லை. உடம்பெல்லாம் தேய்ச்சுக் குளிச்சுக் காட்டினான். ஏய்னர் இவனுக்குக் குளிக்கிற இடம் வேணுமாக்கும் எண்டு நினைச்சு வீட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனார். குளியலறையிலை கிடந்த சவுக்காரக் கட்டியைத் தூக்கிக்கொண்டு இவன் திரும்பி ஓடிவர, மனிசன் பின்னாலை ஓடிவாறார். சவுக்காரத்தைப் பிசைஞ்சு குழாய் மூட்டைச் சுத்தி அப்பிப்போட்டு, "சுத்துங்கோ" எண்டு கையைக் காட்டினான். ஏய்னர் முன்னாலை போய்ப் புறொப்பெல்லரைப் பிடிச்சு ஒரு இழுப்பு. ரெண்டு சிலிண்டரும் ஒண்டாப் பிடிச்சுது! கொட்டில் முழுக்க ஒரே முழக்கம். மனிசன் தொப்பியைக் கழட்டி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிண்டவர், கண்ணெல்லாம் தண்ணி. "அப்பா போன பிறகு இது இப்பிடி ஓடினதே இல்லை" எண்டவர்.

அண்டைக்கே ஓட்ஸ் பெட்டி மட்டையை வெட்டி, கிறீஸ் பூசி, மூட்டுக்கு நடுவிலை வைச்சு இறுக்கினான் குலேந்திரன். கோப்பியும் கேக்கும் வந்துது. டென்மார்க் வந்து ரெண்டரை வருசத்திலை ஒரு ஆள் அவனைப் பாத்து 'நீ கெட்டிக்காரன்' எண்டு சொன்னது அதுதான் முதல்தரம். வீட்டை வரேக்கை பழஞ்சாமான் விக்கிற இடத்திலை ஒரு சின்னச் சிவப்புச் சயிக்கிளைக் கண்டான். அஞ்சு வயசுப் பிள்ளை ஓடுற அளவு. வாங்கிப்போட்டான்.

அடுத்த ஞாயிறு ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனான். இத்தனை மாசத்துக்குப் பிறகு மனிசிக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி! "தவம், கஜந்தி, அப்பா கதைக்கிறன். அப்பா திருத்தின பிளேன் எஞ்சின். வடிவாக் கேளுங்கோ!" எண்டு கத்தினான். ஏய்னர் புறொப்பெல்லரை இழுக்க, ரெண்டு நிமிசம் எஞ்சின் ஓடிச்சுது. நிண்ட பிறகு, மகளுக்கெண்டு சயிக்கிள் கதையையும் சொன்னான். காசெற்றைத் தபாலிலை போட்டுட்டு அண்டைக்கு இரவு நிம்மதியாப் படுத்தான், பாவி.

ஆவணியிலை பதில் வந்துது. காசெற் இல்லை, கடிதம். தவமலர் சுத்தி வளைக்காமல் எழுதியிருந்தாள்.

'காசெற்றைப் போட்டுப் பிள்ளையை மடியிலை வைச்சுக் கேட்டனான். உங்கடை குரல் வந்துது, பிறகு பிளேன் வந்துது. அவள் மடியாலை பாய்ஞ்சு ஓடிப்போய், குண்டுக்கு ஒளிக்க முத்தத்திலை வெட்டின பங்கருக்குள்ளை குதிச்சிட்டாள். போன மழைத் தண்ணி இடுப்பளவு நிக்குது. நான் பின்னாலை குதிச்சுத் தூக்கினனான். பொழுதுபடும்வரைக்கும் நடுங்கினவள். குண்டு போடுற பிளேன் வராமல் விட்டு ஒரு வருசமாகுது, இப்பதான் நித்திரையிலை பதறாமல் விட்டவள். பழைய காசெற்றைப் போட்டுப் பாத்தன், உங்கடை குரல் துவங்கினவுடனை காதைப் பொத்திக்கொண்டு ஓடுறாள். அப்பா கதைச்சால் பிளேன் வரும் எண்டு சொல்லுறாள். இனிக் காசெற் வேண்டாமப்பா. எழுதுங்கோ. உங்களிலை பிழை இல்லை, நீங்கள் அறியமாட்டியள்.'

அவன் அறியமாட்டான், உண்மைதான். அவன் வெளிக்கிட்ட பிறகுதான் ஊரிலை பிளேனாலை குண்டு போடத் தொடங்கினவங்கள். குண்டு போட வந்ததிலை சிலது சின்னப் பிளேன், அதுகளுக்கும் பிஸ்டன் எஞ்சின்தான். சத்தத்துக்குச் சத்தம் அண்ணன் தம்பி. பேப்பரிலை வாசிச்சவன், ஆனால் பேப்பர் சத்தம் போடுமே? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாப் போச்சு. குலேந்திரன் கடிதத்தை மடிச்சுச் சேட்டுப் பையிலை வைச்சுக்கொண்டு, குசினி மேசையிலை தலையை வைச்சு அழுதான். பெரிய தொண்டை, அழுகையும் பெரிசு. அண்டைக்குக் கீழ்வீட்டு மனிசி தும்புத்தடியாலை தட்டேல்லை. மேலை வந்து கதவைத் தட்டி, ஒண்டும் கேளாமல் ஒரு பாண் துண்டை நீட்டிப்போட்டுப் போனா.

கொட்டில் பக்கம் பிறகு அவன் போகேல்லை. ரெண்டு கிழமை பாத்திட்டு ஏய்னர் தானே வந்தார். குலேந்திரன் தெரிஞ்ச டெனிஷ் எல்லாத்தையும் கூட்டிப் பொறுக்கி விசயத்தைச் சொன்னான். மனிசன் அந்தப் 'பரிசீலனை'க் கடதாசியைக் கேட்டு வாங்கி நம்பரைக் குறிச்சார். அண்டையிலையிருந்து ஒவ்வொரு திங்கக்கிழமையும் அதை அனுப்பின அரசாங்கக் கந்தோருக்குப் போன் எடுத்தார். ஒவ்வொரு திங்களும் அதே பதில். போனை வைச்சுப்போட்டு மனிசன் சொல்லுற டெனிஷ் தூசணத்தை மொழிப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கமாட்டினம். அதைக் குலேந்திரன் அவரிட்டைத்தான் படிச்சவன்.

எண்பத்தொன்பதிலை பைல் கட்டு அவிண்டு அனுமதி வந்துது. ஆடி மாசம் தவமலரும் கஜந்தியும் பில்லுண்ட் விமான நிலையத்திலை வந்து இறங்கினவை. பிளேனிலை ஏற மாட்டன் எண்டு பிள்ளை கொழும்பிலை ஒரே அழுகையாம். "பிளேனுக்குள்ளை இருக்கிற ஆக்களுக்கு மேலை பிளேன் குண்டு போடாது, உள்ளை போனால் தப்பலாம்" எண்டு தவமலர் சொல்லித்தான் ஏத்தினவள். குலேந்திரன் மகளைக் கண்டவுடனை எல்லாத்தையும் மறந்து, "கஜந்தி!" எண்டு கூப்பிட்டான். விமான நிலையமே திரும்பிப் பாத்துது. பிள்ளை ரெண்டு கையாலையும் காதைப் பொத்திக்கொண்டு தாயின்ரை சீலைக்குள்ளை முகத்தைப் புதைச்சுது.

அண்டைக்குப் பூட்டினவன் வாயை. மகள் முழிச்சிருக்கிற நேரம் வீட்டுக்குள்ளை ஒரு சொல்லு இல்லை. தேத்தண்ணி வேணுமெண்டால் கையாலை காட்டுவான். உப்புக் கூடினால் முகத்தைச் சுழிப்பான். தவமலருக்குச் சொல்ல இருந்தால் துண்டிலை எழுதி நீட்டுவான். "நாலு வருசம் காத்திருந்து கடைசியிலை ஊமையோடையோ குடும்பம் நடத்திறது?" எண்டு அவள் பகிடி விடுவாள், சிரிச்சுக்கொண்டே கண்ணைத் துடைப்பாள்.

பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்துது. முதல் கதவுச் சீலைக்குப் பின்னாலை நிண்டு பாத்துது. பிறகு அவன் கழட்டின சப்பாத்தை அடுக்கி வைச்சுது. ஒருநாள் தன்ரை ரொபி இனிப்பிலை பாதியைக் கடிச்சு மற்றப் பாதியை அவன்ரை கையிலை வைச்சுது. "அம்மா, அப்பா பாவம். கதைக்க மறந்துபோச்சாக்கும்" எண்டு குசினியிலை சொன்னது இவனுக்குக் கேட்டுது. அது கேட்ட மனம் என்ன பாடுபட்டிருக்கும், சொல்லுங்கோ பாப்பம்? வாயைத் திறந்தால் இந்தப் பாதி ரொபியும் போயிடும். அந்தப் பயத்திலை இன்னும் இறுக்கிப் பூட்டினான்.

ஆவணியிலை, பிள்ளை பள்ளிக்கூடம் துவங்கிறதுக்கு முதல் கிழமை, தவமலருக்குப் பொறுமை போச்சுது. "உங்களுக்கென்ன விசரே? வாழ்நாள் முழுக்க உப்பிடியே இருக்கப் போறியள்? பயத்தைப் பொத்தி வைச்சால் அது குட்டி போடும். எஞ்சின் திருத்தத் தெரியுமெல்லோ? இதையும் திருத்துங்கோ!" எண்டு பிள்ளை வெளியிலை நிக்கேக்கை ஏசினாள்.

குலேந்திரன் ரெண்டு நாள் யோசிச்சான். பிள்ளை பயப்பிடுறது சத்தத்துக்கு இல்லை எண்டு அவனுக்குப் பட்டுது. அந்தச் சத்தத்தை நிப்பாட்டத் தன்னாலை ஏலாது எண்டதுக்குத்தான் பயம். மேலை வாற பிளேனை ஆர் நிப்பாட்டினது? ஆனால் ஏய்னரின்ரை எஞ்சினை நிப்பாட்டலாம். மக்னெற்றோவிலையிருந்துதான் பிளக்குக்கு நெருப்பு வருகுது. அதின்ரை வயரை இரும்போடை முட்ட விட்டால் எஞ்சின் செத்துப்போகும். கடையிலை போய் வாசல் மணி அடிக்கிற சுவிச்சு ஒண்டும் பதினைஞ்சு மீற்றர் வயரும் வாங்கினான்.

ஞாயிறு மத்தியானம் மூண்டு பேரும் கொட்டிலுக்குப் போனவை. சில்லுகளுக்குக் கல்லு வைச்சுப் பின்பக்கத்தைத் தூணிலை கட்டி, ஏய்னர் ஆயத்தமா நிண்டார். வயர் வாசலாலை வெளியிலை வந்து, அப்பிள் மரத்தடி வரைக்கும் நீண்டு கிடந்தது. பிளேனைக் கண்டு பிள்ளை தாயின்ரை கையை நெரிச்சுது. குலேந்திரன் சுவிச்சை எடுத்துத் தவமலரிட்டை நீட்டினான், நீ சொல்லு எண்டு கண்ணாலை காட்டினான்.

"எனக்கு உது ஒண்டும் தெரியாது. நீங்களே சொல்லுங்கோ" எண்டுபோட்டு அவள் அங்காலை திரும்பி நிண்டாள்.

குலேந்திரன் மகளுக்கு முன்னாலை முழங்காலிலை குந்தினான். வந்த குரல் அவன்ரை குரலே இல்லை, அவ்வளவு மெல்லிசு. "குஞ்சு... அந்தப் பிளேனிலை செட்டை இல்லை, பாத்தனியே. பறக்காது. குண்டும் இல்லை. சத்தம் மட்டும்தான். இதை அமத்திப் பிடிச்சால் சத்தம் நிண்டிடும்."

கஜந்தியின்ரை கை காதுக்குப் போகேக்கை பாதியிலை நிண்டுது. அவனை உத்துப் பாத்தாள். "ஆர் அமத்திறது?" எண்டாள். தகப்பனோடை அவள் கதைச்ச முதல் கதை அதுதான்.

"நீதான்."

சுவிச்சை வாங்கி ரெண்டு கையாலையும் பிடிச்சாள். ஏய்னர் புறொப்பெல்லரை இழுத்தார். எஞ்சின் முழங்கின அந்த நொடியே பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள். செத்துப்போச்சு. குருவிச் சத்தம் கேட்டுது. கண்ணைத் திறந்தாள், எஞ்சினைப் பாத்தாள், சுவிச்சைப் பாத்தாள். "திரும்ப" எண்டாள்.

ஏய்னர் இழுத்தார். அமத்தினாள். "திரும்ப." இழுத்தார். அமத்தினாள். ஆறுதரம், ஏழுதரம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட நேரம் ஓட விட்டாள். எட்டாந்தரம் ஏய்னர் பாற்பெட்டியிலை குந்தி, வேர்வையைத் துடைச்சு, "அறுபத்தெட்டு வயசுக்காரனுக்குக் கொஞ்சம் ஓய்வு தாங்கோ, பொஸ்" எண்டு டெனிஷிலை கும்பிட்டார். பிள்ளைக்கு மொழி விளங்காட்டிலும் அந்தக் கும்பிடு விளங்கிச்சுது. சிரிச்சாள்.

ஒன்பதாந்தரம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் சுவிச்சிலை, அமத்தேல்லை. பிள்ளை தகப்பன்ரை தோளோடை சாய்ஞ்சு நிண்டாள். பிறகு ஆறுதலா அமத்திப்போட்டுக் கேட்டாள்:

"அப்பா, அந்தக் காசெற்றிலை பிளேனுக்குப் பிறகு என்ன சொன்னனீங்கள்? நான் கேக்கேல்லை. ஓடிட்டன்."

தவமலர் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளும் கேக்கேல்லை, பிள்ளைக்குப் பின்னாலை ஓடினவள், பிறகு அந்தக் காசெற்றைத் தொடவே இல்லை. ஒரு வருசமா அந்தச் சேதி ஒருத்தரும் கேளாமல் கிடந்திருக்குது.

"உனக்கொரு சிவப்புச் சயிக்கிள் வாங்கி வைச்சிருக்கிறன், கெதியா வந்து ஓடு எண்டு சொன்னனான்" எண்டான் குலேந்திரன்.

"எங்கை?"

வீட்டுக்குக் கீழை, சாமான் அறையிலை பழைய துணி போட்டு மூடிக் கிடந்தது. வெளியிலை எடுத்தால், ஐயோ, சின்னன்! அஞ்சு வயசுக்கு வாங்கினது, பிள்ளைக்கு இப்ப ஆறு தாண்டிட்டுது. அந்தக் கந்தோர் மேசையிலை பைல் கிடந்த காலம் முழுக்கப் பிள்ளை வளந்திட்டுது, சயிக்கிள் வளரேல்லை. "வேறை வாங்கித் தாறன் குஞ்சு" எண்டான் குலேந்திரன்.

"வேண்டாம். இதுதான் சொன்னனீங்கள்" எண்டுபோட்டு ஏறினாள். முழங்கால் கைபிடியிலை இடிக்க இடிக்க மிதிச்சாள். அவன் பின்னாலை சீற்றைப் பிடிச்சுக்கொண்டு ஓடினான். றோட்டு அதிலை சரிவு. எப்ப கை விட்டுப்போச்சு எண்டு அவனுக்கே தெரியாது. சயிக்கிள் ஆட ஆட இறங்குது, எதிரிலை தபால்காரன்ரை வான் வளைவாலை திரும்புது.

"கஜந்தீ! பிறேக்! பிறேக்கைப் பிடி!"

அச்சுவேலித் தொண்டை முழுசாத் திறந்திட்டுது. கீழ்வீட்டு மனிசி யன்னலைத் திறந்தா. வான் நிண்டுது. சயிக்கிளும் கிறீச்செண்டு நிண்டுது. குலேந்திரன் வாயைப் பொத்திக்கொண்டு நடுறோட்டிலை அப்பிடியே நிண்டான்.

கஜந்தி திரும்பிப் பாத்தாள். ரெண்டு கையும் கைபிடியிலைதான் இருந்தது.

"கேட்டுது அப்பா" எண்டாள்.